செட்டோவின் இடது காது

அன்று காலை படகின் ஓரத்தில் உட்கார்ந்து செட்டோ மூக்கைச் சிந்தியபோது அவனுடைய இடது காதிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. அடுப்பில் கெட்டில் சூடேறும்போது முதலில் கேட்குமே, அப்படி மெல்லிய சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கே கேட்டிருக்காது. சிக்கு விழுந்த கயிற்றை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. என் தம்பியோ ஒன்றும் நடக்காதது போல மூக்கைத் துடைத்துக்கொண்டு, காலில் நீள ரப்பர் துடுப்புகளை மாட்ட ஆரம்பித்தான்.

அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். எங்கள் அப்பா படகிலிருந்து காற்று வரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் மீன் பிடித்தவர். அவர் காலத்து ஆட்களுக்குக் காதுச் சவ்வு கிழிவது ஒரு யோகம். கிழிந்துவிட்டால் ஆழத்தில் காது அடைக்காது, வலிக்காது. வழியில் நின்று நின்று மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டியதில்லை, நேராக இறங்கலாம். கிழியாதவனைப் பார்த்து உனக்கு இன்னும் பால்காதுதானா என்று கேலி செய்வார்கள். அப்பா ஊர்த் திருவிழாவில் சிகரெட்டை ஓர் இழுப்பு இழுத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, புகையைக் காது வழியாக, அதே சீழ்க்கையோடு விடுவார். பார்க்கக் கூட்டம் கூடும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் செய்து காட்டினார். எனக்கு மானம் போயிற்று, மாப்பிள்ளை கிரெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அப்பாவிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்று ஆனது. அதுகூடப் போகட்டும். ஒரு நாள் ஆழத்தில் இருந்த குளிர்ந்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து தலை சுற்றி, மேலே எது கீழே எது என்று தெரியாமல், மேலே வருவதாக நினைத்துக்கொண்டு இன்னும் கீழே நீந்தியிருக்கிறார். படகில் இருந்தவர்கள் குழாயைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

கிரெஸுக்கும் செட்டோவுக்கும் குழாய் கிடையாது. ஒரே மூச்சில் இறங்கி ஏறுகிறவர்கள். கிரெஸ் என் கணவன். எங்கள் கரையோரம் கூடும் மத்திக் கூட்டத்தை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவது எங்கள் மூவரின் பிழைப்பு. அவர்கள் தூங்கி எழுவதற்குள் போய் ஆழம் பார்த்துவிட்டு வருவது ஆண்கள் இருவரின் பைத்தியம். மிதவையிலிருந்து எடை கட்டிய கயிறு ஒன்று கீழே தொங்கும். ஒருவன் அதை ஒட்டி இறங்குவான். அவன் திரும்பும் நேரம் பார்த்து மற்றவன் பாதி வழி போய்ச் சந்தித்துக் கூடவே ஏறி வருவான். மூச்சு முடிகிற கடைசித் தூரத்தில்தான் மயக்கம் வரும். போன வருடம் கிரெஸுக்கு வந்தது. கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. செட்டோதான் தாடையைத் தாங்கி மேலே கொண்டுவந்து, முகத்தில் ஊதி ஊதி எழுப்பினான். அதிலிருந்து நான் தம்பியிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. புருஷனைத் திருப்பிக் கொடுத்தவனிடம் எந்த வாயால் கோபிப்பது?

நல்ல வேளையாக அன்று கிரெஸ் எஞ்சினுக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு, படகைக் கழுவும்போது செட்டோவைப் பிடித்தேன். முதலில் சளி என்றான். பிறகு தண்ணீர் புகுந்திருக்கும் என்றான். அப்பாவின் பெயரைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

போன வாரம் யாரோ ஒரு பெண்ணின் கேமராவுக்காகப் படகின் பக்கவாட்டு மூங்கிலில் ஏறிப் பின்பக்கமாகக் கரணம் அடித்தான். பாதியில் திரும்பித் தலையின் ஒரு பக்கம் தட்டையாகத் தண்ணீரில் அறைந்தது. எல்லோரும் சிரித்தோம். காதுக்குள் துணி கிழிகிற மாதிரி இருந்ததாம். தனியாக டாக்டரிடம் போயிருக்கிறான். சவ்வில் ஓட்டை, பொறுமையாக இருந்தால் தானாகவே மூடிக்கொள்ளும், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, குளிக்கும்போதும் வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள், மூக்கைப் பிடித்து ஊதாதே, தும்மல் வந்தால்கூட வாயைத் திறந்து தும்மு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவன் இரண்டு நாள் பஞ்சு வைத்துவிட்டு, மூன்றாம் நாள் மிதவையைச் சரிசெய்ய இறங்கிப் பார்த்திருக்கிறான்.

"அக்கா, வெண்ணெய் மாதிரி இறங்குது. காதை அழுத்தவே வேண்டியதில்ல. மச்சானே கேட்டாரு, என்னடா இவ்வளவு சீக்கிரம் வந்து நிக்கிறேன்னு."

"அப்பாவுக்கும் அப்படித்தான்டா இறங்குச்சு."

நான் பேசுவது சரியாகக் கேட்கும்படி அவன் வலது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.

அவனுடைய பயம் வேறு. ஒருமுறை அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, விடுதியில் வேலை பார்க்கும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு கிரெஸ் ஆழம் போனான். அந்த ஆளுக்கு நல்ல மூச்சு. கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்த நாட்களை செட்டோ இன்னும் மறக்கவில்லை. "என் இடத்துல இன்னொருத்தன் நிப்பான், நான் தேங்காய் சீவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றான். மச்சானிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டான். நீயே சொல், கயிறு இறக்குவதற்கு முன்னால் சொல் என்றேன். தலையாட்டினான். அவனுடைய தலையாட்டல் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டாலும் இதே தலையாட்டல்தான்.

மறுநாள் விடியலில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கயிறு இறங்கியது. செட்டோ சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. கிரெஸ் மிதவையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து மூச்சைச் சீர் செய்ய ஆரம்பித்தான். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் கரையில் இதைச் சட்டம் என்று யாரும் சொல்வதில்லை, மீறியும் பார்த்ததில்லை. எஞ்சின் அணைந்திருக்கும். இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்வோம். மூச்சு தயாராகும்போது குறுக்கே பேசினால் அவனை நாமே கீழே தள்ளிவிட்ட மாதிரி.

கிரெஸின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நெஞ்சு கடலுக்குள் போகும். திரும்பி வரும் வழியில், குளிர்ந்த தண்ணீரில், தலை சுற்றித் திசை கெட்ட என் தம்பி இருப்பான். இருவரில் ஒருவரை எனக்குத் தெரிந்தே விடுவதா என்று நினைத்தேன். இருவரும் போய்விடுவார்கள் என்று பிறகுதான் உறைத்தது.

"செட்டோ, மூக்கைப் பிடிச்சு ஊது."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கிரெஸ் கண்ணைத் திறந்தான். செட்டோ என்னை முறைத்தான். கண் கலங்கியிருந்தது. மறுத்திருக்கலாம், சளி என்று மறுபடியும் சொல்லியிருக்கலாம். ஏனோ தெரியவில்லை, மூக்கைப் பிடித்து ஊதினான்.

அவ்வளவு அமைதியில் சீழ்க்கை தெளிவாகக் கேட்டது. என் கல்யாணப் பந்தலில் அதைக் கேட்டவன் கிரெஸ். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிரெஸ் படகில் ஏறினான். கயிற்றை மெதுவாக இழுத்துச் சுருட்டி, எடையைத் தூக்கி உள்ளே வைத்தான். அதற்குப் பிறகுதான் பேசினான்.

"கீழேருந்து வர்றப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. உன் முகம் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஏறி வர்றேன். அந்த முகம் பொய் சொன்னா நான் யாரைப் பார்த்து வர்றது?"

அதன் பிறகு செட்டோ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. கருவாடு வறுத்த வாசனை போனால் தானே வந்து நிற்பவன். பக்கத்து வீடுதான், ஆனால் என்னைக் கண்டால் கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு போனான். எனக்கு வலித்தது. சொன்னதற்காக வருத்தப்படவில்லை, ஆனாலும் வலித்தது.

விடுதி ஆள் ஒரு நாள் தானாகவே வந்து, நான் வரட்டுமா அண்ணே என்று கிரெஸிடம் கேட்டான். எஞ்சின் வேலை பாக்கியிருக்கிறது, இப்போதைக்கு ஆழம் இல்லை என்று கிரெஸ் அனுப்பிவிட்டான். எஞ்சின் எப்போதோ சரியாகிவிட்டது. விடிந்ததும் அவன் படகின் விளிம்பில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். செட்டோ தன் வாசலிலிருந்து அதைப் பார்ப்பான்.

நேற்று சாயங்காலம் பொதுக் கைப்பம்பில் துணி அலசிக்கொண்டிருந்தேன். செட்டோ தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றான். காதில் பஞ்சு. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, மறு கையால் பம்பு அடித்து அதே கையில் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்துத் திண்டாடினான். நான் எழுந்திருப்பதற்குள் கிரெஸ் எங்கிருந்தோ வந்தான். செட்டோவின் கையை விலக்கி, தன் உள்ளங்கையை அந்தக் காதின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தான். மறு கையால் என் வாளியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினான். சின்னப் பையனைக் குளிப்பாட்டுவது போல. செட்டோ கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

சோப்பு மூக்கில் ஏறியிருக்க வேண்டும். தும்மல் வந்துவிட்டது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் பாதித் தும்மல் உள்ளேயே வெடித்தது. பம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தவிர வேறு சத்தமில்லை. நான் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, கிரெஸின் கை அங்கே இருந்தது. காற்று வந்திருந்தால் அந்தக் கைக்குத்தான் தெரியும்.

"காத்து வந்துச்சா மச்சான்?" என்று கேட்டான் செட்டோ, கண்ணைத் திறக்காமல்.

கிரெஸ் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு குவளை மொண்டு அவன் தலையில் ஊற்றினான்.