சரிபார்த்தவர்: கண்மணி

முதியோர் குடியிருப்பின் பின்புறம், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, கட்டில் அளவுக்கு ஒரு சிமென்ட் மேடை இருந்தது. நான்கு மூலைகளிலும் போல்ட்டுகள் துருத்திக்கொண்டு நின்றன. மேடையின் மேல் ஒன்றும் இல்லை. கண்மணி கையிலிருந்த படிவத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். படிவத்தின்படி அங்கே ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர் ஜெனரேட்டர் ஒன்று மூன்று வருடமாக நிற்கிறது. அதற்கு ஒரு வரிசை எண்கூட இருக்கிறது. ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

குடியிருப்பின் மேலாளரை விசாரித்தாள். அந்த அம்மாள் சிரித்தே விட்டார். ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன், ஜெனரேட்டர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். ஆகஸ்ட் புயலில் இரண்டு நாள் கரன்ட் இல்லாமல், மூன்றாம் மாடியில் ஆக்சிஜன் மெஷினை நம்பியிருந்த கிழவரைப் படிவழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். அவருடைய மகள் புகார் எழுதிப் போட்டதில்தான் விஷயம் வாஷிங்டன் வரைக்கும் போயிருந்தது.

கொரோனாவில் நொடித்துப்போன ஊர்களைத் தூக்கி நிறுத்த மத்திய அரசு பணத்தை அள்ளிக் கொடுத்தது. மாநிலம் அதைச் சின்ன ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பணம் சொன்ன காரியத்துக்குப் போனதா என்று பார்ப்பதுதான் மாநில அலுவலகம் ஒன்றில் கண்மணியின் வேலை. அவள் வருகிறாள் என்றாலே டவுன்ஷிப் எனப்படும் ஊர் நிர்வாகத்து ஆட்கள் பழைய ரசீதுகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தீயணைப்பு வண்டியின் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அப்படிப்பட்டவள் சுவாமிநாதனிடம் மட்டும் கோட்டை விட்டாள்.

சுவாமிநாதன் இந்த டவுன்ஷிப்பின் நிதி அதிகாரி. எடிசன் ஊரில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த வேலைக்கான விளம்பரத்தை அனுப்பி, இன்டர்வியூவுக்கு மூன்று நாள் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில், நேரில் பார்க்கக் கிளம்பியவளை, “இந்தப் பனில எதுக்கும்மா டிரைவ் பண்றே? வீடியோ கால்ல காட்டறேன்” என்று தடுத்தார். காட்டினார். பனியில் பச்சையாக ஒரு பெட்டி நின்றது. ‘சீரியல் நம்பர் தகட்டைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க’ என்ற வார்த்தை அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் யோசிக்காமல் கேட்டிருப்பாள். அப்பா ஸ்தானத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது, நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரே என்று விழுங்கிவிட்டாள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்ணைப் பார்த்துப் படிவத்தில் எழுதினாள்.

காரில் வந்து உட்கார்ந்தபோது மேலதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வாஷிங்டன் கேள்விக்கு டவுன்ஷிப் அனுப்பிய பதிலை இணைத்து, ‘உடனே கூப்பிடு’ என்று ஒரே வரி. பதிலில் சுவாமிநாதன் கையெழுத்து. ‘மாநில அலுவலர் திருமதி கண்மணி நேரில் வந்து ஆய்வு செய்து உறுதிப்படுத்தியதை முழுமையாக நம்பியே செயல்பட்டோம்.’ தேதியைப் பார்த்தாள். பத்து நாள் ஆகியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அவள் வீட்டுக்கு வந்து, அரிசிம்பருப்புச் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஐந்து மாதமாக வேலையில்லாமல் இருக்கும் அவள் கணவன் சேனாபதியின் தோளைத் தட்டி, கண்மணி சம்பளம் வருது, இன்ஷூரன்ஸ் இருக்கு, எதுக்குப்பா கவலைப்படறே என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்துதான் வேலை பார்ப்பார். நேராக அங்கே போனாள். வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

“அட்வான்ஸ் வாங்கின கான்ட்ராக்டர் கடைய மூடிட்டுப் போயிட்டான்மா. எப்படியாவது வாங்கி வெச்சுடலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குக் காட்டினது ஃபயர் ஸ்டேஷன்ல இருக்கறது. நான் ஒரு டாலர் தொடலை.”

“அது தெரியுங்க அங்கிள். லெட்டர்ல எம் பேரை எதுக்குங்க போட்டீங்க?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கு இருந்துது, இப்பக் காணோம்னு ரிப்போர்ட் எழுதிடு. திருட்டுன்னு போயிடும். ரெண்டு பேருக்கும் பிரச்சனை இல்லை.”

“நான் அங்க வரவே இல்லீங்களே.”

“நீ வந்தேன்னுதான் நான் எழுதிக் குடுத்திருக்கேனே.”

கண்மணி கதவுப் பக்கம் திரும்பினாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, “எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கும்மா. நோக்கு வயசிருக்கு. வேற வேலை தேடிக்கலாம். அதை யோசிச்சுத்தான் எழுதினேன்” என்றார்.

அப்படியென்றால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இரண்டு பேரில் யார் போனால் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுவிட்டு, அதன் பிறகு அவள் வீட்டுக்குச் சாப்பிடவும் வந்திருக்கிறார். பணத்தைத் தின்றிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடத்தில் அவர் மனைவி ஷ்யாமளா ஆன்ட்டி ஒரு டப்பாவோடு நின்றிருந்தார். “காப்பி கூடக் குடிக்காமப் போறியே. தேங்காய்ச் சேவை பண்ணினேன், சேனாபதிக்குக் குடு” என்று அவள் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டாள்.

காரில் ஏறிப் பக்கத்து இருக்கையில் டப்பாவை வைத்தாள். சாவியைத் திருப்பாமல் மேலதிகாரியை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“நான் அங்கே போகவில்லை” என்றாள் ஆங்கிலத்தில். “வரிசை எண்ணையும் நான் பார்க்கவில்லை.”

அப்படியானால் வரிசை எண்ணை யார் கொடுத்தது என்று கேட்டார் அவர்.

வந்தவர்களின் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று வழியனுப்புவது ஷ்யாமளா ஆன்ட்டியின் வழக்கம். அக்டோபர் குளிரில், ஸ்வெட்டர்கூடப் போடாமல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். கார் ஏன் கிளம்பவில்லை என்று குனிந்து பார்த்தார். கண்மணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். பேசி முடிக்கட்டும், நான் நிற்கிறேன் என்பதுபோல ஆன்ட்டி கையசைத்தார்.