ஒற்றைப் புள்ளடி

...அந்த ஒரு வாக்கு அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை, பின்னால் தம்பி முர்ஷித் இருமியது ஞாபகம் இருக்கிறது, கட்டத்தில் புள்ளடிக் குறி போட்டுச் சீட்டை மடித்ததும் ஞாபகம் இருக்கிறது, அப்படியென்றால் றஸாக் தனக்கே போட்ட வாக்கு எங்கே போனது... வரிசை நகர்ந்தது, சுபைறாவும் நகர்ந்தாள், பாடசாலைச் சுவரின் நிழல் இன்னும் எட்டவில்லை, மே மாதத்து வெயில் அபாயாவுக்குள் இறங்கி முதுகைச் சுட்டது, முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பஸ்லியா ராத்தா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், சும்மா சிரிப்புத்தான், ஆனால் ஏழு வருடமாக இந்த ஊரில் யார் சிரித்தாலும் சுபைறாவுக்கு அது சும்மா சிரிப்பாகப் படுவதில்லை. அன்றைக்கும் இதே பாடசாலை, இதே பிரதேச சபைத் தேர்தல். ஊரே பள்ளிவாசலில் கூடி, எல்லோருடைய வாக்கும் வாளிச் சின்னத்துக்குத்தான் என்று கையை உயர்த்தியபோது, அவள் கணவர் றஸாக், டயர் கடை வைத்துப் பிழைக்கிற மனிதர், உயர்த்தாத ஒரே கையோடு எழும்பி நின்றாராம். “எல்லாரும் ஒண்டுக்குத்தான் போடணுமெண்டா எலக்சன் என்னத்துக்கு?” கேட்டதோடு விட்டிருக்கலாம், விடவில்லை, மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் சுயேச்சையாகவும் இறங்கிவிட்டார். வாக்குகளை இந்த வகுப்பறையிலேயே எண்ணினார்கள். மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. பட்டாசோடு தேடிவந்து இவர்கள் வாசலில் கொளுத்தினார்கள், மறுநாள் கடைக் கதவில் ‘ஒத்த வோட்டு’ என்று யாரோ பெயின்டால் எழுதியிருந்தார்கள், டயரில் காற்றுப் போனவர்கள்கூட மோட்டார் சைக்கிளை அடுத்த ஊரான காரைதீவு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார்கள், அவளுடைய கூடப்பிறந்த தம்பி முர்ஷித்தே பெருநாளைக்கு வாசலை மிதிக்கவில்லை. கட்டின பொஞ்சாதியே போடல்லியாம், ஊருக்கு அதுதான் பெரிய கொண்டாட்டம்.

சரி, ஊர் சொல்லட்டும், ஊருக்கு வாய் இருக்கிறது... அவர் என்ன சொன்னார்? முடிவு வந்த அன்று சோற்றுக் கோப்பையோடு அவள் நின்றபோது, தலையை நிமிர்த்தாமலே, “பறவாயில்ல புள்ள, பயந்திட்டாய், நான் ஒண்டும் நினைக்கல்ல” என்றார். நான் போட்டேன் என்று அப்போதே ஏன் சொல்லவில்லை, நாக்கு நுனி வரைக்கும் வந்ததே... சொன்னால், அப்போ நீங்க, என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். ஊரையே எதிர்த்து எழும்பியவர், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு நிமிடத்தில் பயந்து வாளிக்குப் போட்டுவிட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? விழுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் அவளை மன்னித்துக்கொண்டே இருக்கிறார். சண்டை வந்தால் பாதியில் நிறுத்திக்கொள்கிறார், காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார், எல்லாவற்றிலும் அந்த மன்னிப்பு இருக்கிறது, இரண்டு அடி அடித்திருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது. படுக்கையில் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு வாக்கு படுத்துக் கிடக்கிறது. இந்த முறையும் நிற்கிறார், அதே மூக்குக்கண்ணாடி. வாளிக்காரர்கள் இப்போது இரண்டாகப் பிரிந்து ஒருவருக்கொருவர் ஸலாம்கூடச் சொல்வதில்லை, அதனால் தனக்கு ஏதாவது தேறும் என்று நம்புகிறார், பாவம். காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்தார். “இந்த முறையாவது ரெண்டு விழணும், என்ன?” “ஓம், விழும்” என்றாள். நீங்களும் போட்டால் விழும்...

உள்ளே அவள் பெயரை உரக்க வாசித்தார்கள், ஏன் இவ்வளவு உரக்க, தெருவுக்கே கேட்கும், கட்சி முகவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் ஒரு பேனை அசைந்தது, முர்ஷித், வாளியின் முகவர், அன்றைக்கும் அவன்தான் அந்த வாங்கில். சின்ன விரலில் மை குளிர்ந்தது. சீட்டோடு மட்டை மறைப்புக்குள் குனிந்தாள், வாளி, அதற்கு நேர் கீழே மூக்குக்கண்ணாடி, அன்றும் இப்படித்தான் ஒட்டி ஒட்டி இருந்தது. மூன்று பக்கமும் மட்டை, நாலாவது பக்கம் அவள் முதுகு, ஒரு குருவிகூடப் பார்க்க முடியாது, இருந்தும் இடது கையால் சீட்டைப் பொத்திக்கொண்டாள், யாரிடமிருந்து? அன்று பள்ளிவாசலில் உயர்ந்த அத்தனை கைகளும் இந்தச் சின்ன மட்டைக்குள் வந்து நிற்கின்றன, வாசலில் வெடித்த பட்டாசும் வந்துவிட்டது, பஸ்லியா ராத்தாவின் சிரிப்பும், போடு சுபைறா, போட்டுவிட்டுப் போய்விடு... பின்னால் முர்ஷித் இருமினான். புள்ளடி விழுந்தது, கை தானாகவே சீட்டை மடித்தது, இன்னொரு தரமும் மடித்தது, பெட்டி அதை வாங்கிக்கொண்டது.

வெளியே ஆண்கள் வரிசையில் றஸாக் நின்றார், வேர்த்துப்போய், சட்டைப் பையில் அடையாள அட்டையோடு. அவளைக் கண்டதும் மெல்லத் தலையசைத்தார், அதே முகம், மன்னிக்கிற முகம், இந்த முறை போட்டாயா என்று கேட்காமல் கேட்கிற முகம். போட்டேன் என்று தலையசைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இருமல் கேட்டபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். புள்ளடி எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று பார்க்கவே இல்லை. கீழே உள்ளதில்தான், கை அங்கேதான் இருந்தது... இருந்ததா? அன்றைக்கும் முர்ஷித் இருமினான். அன்றைக்கு அவள் பார்த்தாளா?