மாற்றிப் போட்டுப் பார்த்தது

அண்ணி போனில் சுற்றி வளைக்கவில்லை. அண்ணனுக்கு வேலை போகப்போகிறது, இன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள் அந்தப் பல் டாக்டரம்மாவின் வண்டியைச் சரிசெய்யாவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார், நீதான் இதையெல்லாம் படித்தவளாச்சே, போய்ப் பார் என்றார். கூடவே, "நான் கூப்பிட்டேன்னு சொல்லிடாதே, நீயா போன மாதிரி போ" என்றார். நானாக எங்கேயும் போகிறவள் இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வோல்ட் அளக்கிற கம்பெனி மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணன் பதினோரு வருஷமாக ஒரு கார் ஆடியோ கடையில் இருக்கிறான். பத்தாவதோடு நின்றவன். நான் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், எலக்ட்ரானிக்ஸ். இன்வெர்ட்டர் செய்யும் கம்பெனியில் போர்டுகளைச் சோதித்துப் பாஸ், ஃபெயில் போடுகிறேன். அவன் காதால் செய்வதை நான் மீட்டரால் செய்கிறேன், தப்பு வராமல் செய்கிறேன் என்று அவனிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். நல்ல வாய் எனக்கு.

கடையில் கதவு பிரிக்க, ஒயர் இழுக்க நாலு பேர் உண்டு. எல்லாம் முடிந்ததும் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடி, சத்தத்தை இடம் பார்த்து நிறுத்துகிறவன் அண்ணன் மட்டும்தான். அதனால் அங்கே அவன் பெயர் மாஸ்டர். கை எல்லாருக்கும் இருக்கு, காது மாஸ்டருக்கு மட்டும்தான் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

நான் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு யாரும் இல்லை. டாக்டரம்மாவின் பழைய கார் நாலு கதவையும் விரித்துக்கொண்டு நின்றது. அண்ணன் டிக்கிக்குள் தலையை விட்டிருந்தான். என்னைப் பார்த்ததும், அண்ணி கூப்பிட்டாளா என்றான். இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். மீட்டரோடயா என்றான்.

டிக்கியில் இருந்தது இருபது வருஷத்துக்கு முந்தைய ஆம்ப்ளிஃபயர். தூக்கிப் போட்டால் கால் விரல் நசுங்கும் கனம். முதுகு முழுக்கச் சூடு ஆறுவதற்கான அலுமினியத் தகடுகள். டாக்டரம்மா முதல் சம்பாத்தியத்தில் வாங்கியதாம். கார் மூன்று மாறியும் அதை மட்டும் விடாமல் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு வருகிறார். அதோடு கதவுக்கு ஒன்றாக ரெண்டு கிராஸ்ஓவர் பெட்டிகள். வருகிற சத்தத்தைப் பிரித்துக் கனமானதைப் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய உச்சத்தைக் கட்டைவிரல் அளவு ட்வீட்டருக்கும் அனுப்புகிற பெட்டி. ட்வீட்டர் எவ்வளவு கத்தலாம் என்பதற்கு அதில் ஒரு ஜம்பர் கம்பி இருக்கும், மூன்று இடத்தில் எதில் வேண்டுமானாலும் செருகலாம்.

டாக்டரம்மா வண்டி ஓட்டமாட்டார். டிரைவர் ஓட்ட, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து வருவார். ரெண்டு தடவை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே குறைதான் சொன்னாராம்: எல்லாம் இடது பக்கமாக இழுக்கிறது. முதல் தடவை முதலாளி சிரித்தார். ரெண்டாவது தடவை, மாஸ்டருக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்கப்புறம்தான் அந்த அஞ்சு மணிப் பேச்சு.

"ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறு," என்றான் அண்ணன். "வலது பக்கம் உள்ளே ஏதோ காஞ்சுபோயிருக்கு. நீ பார்த்து அதைச் சொல்லிட்டா போதும். நீ சொன்னா முதலாளி நம்புவார்."

பார்க்காமல் எதையும் சொல்லமாட்டேன் என்றேன்.

கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. எங்கள் தொழிலில் இதை முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். எதை மாற்றும்போது கோளாறும் கூடவே இடம் மாறுகிறதோ, அதில்தான் குற்றம். முதலில் ரேடியோவிலிருந்து வரும் ரெண்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபயரில் இடம் மாற்றிச் செருகினேன். அப்போதும் இடது பக்கம்தான் உரக்கக் கேட்டது. ரேடியோ சுத்தம். அப்புறம் இடது ஸ்பீக்கரை வலது ஒயரிலும் வலதை இடதிலும் மாட்டினேன். இப்போது வலது உரத்தது. ஸ்பீக்கரும் சுத்தம். மிச்சம் இருந்தது ஆம்ப்ளிஃபயர்தான். அண்ணன், நான் சொன்னேன் இல்ல என்கிற மாதிரி பார்த்தான்.

ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, ஒற்றைச் சுருதியில் கூவுகிற ஒரு சத்தத்தை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். இடது பதினெட்டு வோல்ட். வலது ஒன்பது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு திருகுதான். இது பழசு, பக்கத்துக்கு ஒன்று. இடது திருகு முக்கால்வாசி திறந்திருந்தது, வலது கால்வாசி. ரெண்டையும் ஒரே அளவுக்குத் திருப்பினேன். மீட்டர் ரெண்டு பக்கமும் பன்னிரண்டு காட்டியது. காய்ந்துபோனது, கருகியது எதுவும் இல்லை. கதவுக்குள் கிராஸ்ஓவரைப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. இடது ஜம்பர் உச்சத்தில், வலது ஜம்பர் அடியில்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதை யார் வச்சது? பதினோரு வருஷமா இந்த லட்சணத்துலதான் வேலை பார்க்கிறியா? ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கிற குழந்தைகூட ரெண்டு பக்கமும் ஒண்ணா வைக்கும்."

ஜம்பர்களையும் ஒன்றாக வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தேன். பாடுகிற குரல் சரியாக நடுவில் வந்து நின்றது. இறங்கி, போய் உட்காரு என்றேன்.

அண்ணன் உட்கார்ந்தான். கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில், "கெடுத்துட்டே," என்றான். "இடது பக்கம் செத்துக்கெடக்கு. உச்சமே இல்ல."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் விளையாடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கவனமாகக் கேட்டான், தொழில்காரன் கேட்கிற மாதிரி. மீட்டர் பன்னிரண்டு, பன்னிரண்டு. என் காதுக்கு நடுவில். அவன் காதுக்கு இடது இல்லை.

இன்னும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை.

"திரும்பி உக்காரு," என்றேன். "சீட்டு மேல முட்டி போட்டு, பின் கண்ணாடியைப் பார்த்து."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் பாதி புரிந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் எதற்கெடுத்தாலும் பொய் சொல்கிறவன்தான், சத்தத்தில் மட்டும் சொல்லத் தெரியாது. மெதுவாகத் திரும்பி, முப்பத்தி நாலு வயசு மனுஷன், குழந்தை மாதிரி சீட்டின் மேல் முட்டி போட்டான். பாட்டு ஓடியது.

"இப்ப?"

"இப்ப," என்றான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "வலது கதவு செத்துடுச்சு. இடது நல்லாருக்கு."

பாட்டை நிறுத்தினேன்.

இடது காது. மூன்று வருஷம் ஆகப்போகிறதாம். ஒருநாள் காலையில் எழுந்தபோது பஞ்சு அடைத்த மாதிரி இருந்திருக்கிறது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிட்டான். அப்புறம் ஒரு வாரம் உள்ளே விசில் அடித்ததாம். அப்புறம் அதுவும் இல்லை. ரெண்டு மாசம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். முதல் பத்து நாளில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணிக்குக்கூடத் தெரியாது.

மூன்று வருஷமாகக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை, சாப்பாட்டுத் தட்டோடு எப்போதும் நம் இடது பக்கமாகப் போய் உட்காருகிறான். சம்பாதிக்கிற திமிர் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போது கணக்குப் போட்டேன். என் கடைசிப் பரீட்சை சமயம் அது. தினமும் அவன்தான் கடை வண்டியில் கொண்டுபோய் விட்டான்.

"என் பரீட்சைக்காகத்தான் டாக்டர்கிட்ட போகலையா?" என்று கேட்டேன்.

"போதும், நிறுத்து," என்றான். "உன் பரீட்சைக்கும் என் காதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. பயந்துட்டேன், அவ்வளவுதான். போனா சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அது நெசமாயிடும். படிச்சவங்களுக்கு உலகத்துல எது நடந்தாலும் தங்களாலதான் நடந்துச்சுன்னு ஒரு நெனப்பு."

அவன் காது எனக்காகப் போனது என்றால் காலம் முழுக்க மனசில் குத்திக்கொண்டு இருந்திருப்பேன். அது எனக்குப் பழக்கம்தான், படித்த எல்லா வருஷமும் யாரோ ஒருவர் எனக்காக எதையோ விட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். இது யாருக்காகவும் போகவில்லை. ரெண்டு தெரு நடக்கப் பயந்து போயிருக்கிறது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கார் கதவை ஓங்கிச் சாத்தினேன். மெதுவா, கஸ்டமர் வண்டி என்றான்.

இத்தனை நாள் எப்படி ஓட்டினாய் என்று கேட்டேன். புது செட்டில் எல்லாம் திரையிலேயே எண் வருமாம். இடது, வலது ரெண்டுக்கும் நடுவில் பூஜ்யத்தை வைத்துவிட்டு, சும்மா கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருப்பானாம். யாரும் குறை சொல்லவில்லை. இந்தப் பழசில் எண் இல்லை. வெறும் திருகு. இந்த வண்டிக்கு மாட்டிய அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் நிஜமாகவே காதால் கேட்டு வைத்தான்.

முதலாளியிடம் சொல்லிவிடலாம், அவர் ஒன்றும் மோசமானவர் இல்லையே என்றேன்.

"நல்லவர்தான். வேலையை விட்டுத் தூக்கமாட்டார். கதவு பிரிக்கச் சொல்லுவார். நான் கதவு பிரிச்சுக் குடுத்த வண்டிக்குள்ள வேற ஒருத்தனை உக்கார வச்சு, எப்படி இருக்குன்னு அவன்கிட்ட கேப்பார்."

என்னிடம் இருந்தது மீட்டர்தான். எங்கே வைப்பது, எந்த எண் வரவேண்டும், ஜம்பர் ரெண்டும் ஏன் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று காட்டினேன். ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டான். திருகை அவனே கலைத்து, அவனே திருப்பி, பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்தினான். பாட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"நீ உக்காந்து கேட்டுட்டுச் சொல்லு."

உட்கார்ந்தேன். நடுவில் கேட்கிறது என்றேன்.

"எப்படி?"

"நடுவுலன்னா நடுவுல. வேற எப்படி?"

"அப்படிச் சொன்னா ஆச்சா? டாக்டரம்மா கேப்பாங்க. முதலாளியும் பக்கத்துல நிப்பார். நான் எப்பவும் ஏதாவது சொல்லுவேன்."

நான் எதையும் அப்படிச் சொல்லிப் பழகியவள் இல்லை. பாஸ், ஃபெயில். மறுபடி முதலிலிருந்து பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். பாடுகிறவர் முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவில், ஹேண்ட் பிரேக் பக்கத்தில் உட்கார்ந்து, நம் பக்கம் திரும்பிப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டான். என் தாடை உயரத்தில். தபேலா? அவருக்குப் பின்னால், கொஞ்சம் வலது பக்கம் தள்ளி. மூச்சு இழுப்பது கேட்கிறதா? கேட்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். அப்புறம் மீட்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான்.

டாக்டரம்மா அஞ்சு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். முதலாளியும் கூடவே வந்து கதவருகில் நின்றார். டாக்டரம்மா பின்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து, ஒரு பாட்டு முழுக்கப் பேசாமல் கேட்டார். இப்போது சரியாக இருக்கிறது, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிக் கேக்குது மாஸ்டர்?" என்றார்.

அண்ணன் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். கண்ணை மூடினான்.

"பாடுறவர் இதோ, முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல, ஹேண்ட் பிரேக் பக்கத்துல உக்காந்து நம்மளைத் திரும்பிப் பாத்துப் பாடுற மாதிரி இருக்கும்மா. உங்க தாடை உயரம் இருக்கும். தபேலாக்காரர் அவருக்குப் பின்னால, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி. பாடுறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது பாருங்க."

அதேதான், அதேதான் என்று டாக்டரம்மா சிரித்தார். முதலாளிக்கு முகம் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "பார்த்தியாம்மா, இதையெல்லாம் எந்தக் காலேஜ்ல சொல்லித் தருவாங்க?" என்றார்.

எந்தக் காலேஜிலும் இல்லை என்றேன்.