காதுகள் உப்போடையில், வாய் செங்காட்டில்

எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு டாக்டர்தான் என்பதால், சுகாதாரத் துறை அவரைப் பிரித்து அனுப்பியிருக்கிறது. டாக்டர் அருளப்பனின் கைகள் எங்கள் ஊரான ஆனைக்கரட்டில் இருக்கின்றன. காதுகள் உப்போடையில். வாய், வட்டாரத் தலைமையகமான செங்காட்டில். ஊருக்கும் ஊருக்கும் நடுவே சீமைக்கருவேலமும் உவர் மண்ணும்தான். முழு டாக்டரையும் ஒரே ஊரில் வைத்தால் மற்ற ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, மாவு அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி ராக்கம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டரின் கைகள் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவள் நாடியைப் பிடித்தன. சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, இரண்டும் சேர்ந்து உப்போடைப் பக்கம் காட்டின.

"என்னவாம்?" என்றாள் ராக்கம்மா.

"நெஞ்சுல காதை வச்சுக் கேக்கணுமாம். காது இங்க இல்லைல்ல" என்றார் நர்ஸ் ஜெபராணி.

"அப்ப இங்க கை எதுக்கு இருக்கு?"

"ஊசி போடத்தான்."

"போடச் சொல்லுங்க."

"என்ன ஊசின்னு வாய்தானே சொல்லணும்."

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்ததுபோல் இருந்தது அந்தப் பார்வை.

உப்போடையில் காதுகள் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் இருந்தன. எங்களுக்கு முன்னால் ஒருவர், பங்காளி தன் வரப்பை வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் காதுகள் யாரையும் போகச் சொல்வதில்லை. போகச் சொல்ல அவற்றால் முடியாது.

"அண்ணே, எனக்கு உசுரு போகுது" என்றாள் ராக்கம்மா.

"இந்தா முடிஞ்சிருச்சும்மா, கோர்ட்டுக்குப் போனது மட்டுந்தான் பாக்கி" என்றார் அவர்.

கோர்ட்டும் முடிந்தபின் அவள் மேசையில் நெஞ்சைச் சாய்த்தாள். காதுகள் கவனமாகக் கேட்டன. பிறகு இலேசாகச் சிவந்தன.

"செவந்தா என்ன அர்த்தம்?" என்று அங்கிருந்த கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"கேட்டாச்சுன்னு அர்த்தம். என்ன கேட்டுச்சுன்னு செங்காட்டுல சொல்லுவாங்க."

செங்காட்டுப் பேருந்தில் ஏறினோம். அவளுக்கு ஏசுவதற்குக்கூட மூச்சு போதவில்லை. அவள் கை என் கைக்குள் குளிர்ந்து கிடந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. இவள் இல்லாத வீட்டில் விளக்கு எந்தச் சுவிட்சில் எரியும் என்றுகூட எனக்குத் தெரியாது.

செங்காட்டில் வாய் சாப்பிடப் போயிருந்தது. பெஞ்சில் காத்திருந்தோம். வாய் மோர் வாசனையோடு திரும்பி வந்து, எங்களிடம் சொன்னது:

"நல்ல இதயம். அலைச்சல்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இனி அது பேருந்தில் ஏறக் கூடாது. இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்."

"அப்ப நான்?" என்றாள் ராக்கம்மா.

"நீங்கள் ஊருக்குப் போகலாம்."

உதவியாளர் ஒருவர் இதயத்தை வாங்கிப் போய் ஓர் அறையில் வைத்தார். வட்டாரத்தின் மற்ற இதயங்களும் அங்கே ஓய்வில் இருந்தன. ராக்கம்மா எட்டிப் பார்த்து, "சன்னலோரமா வைங்க, அதுக்குக் காத்து வேணும்" என்றாள். திரும்பும் வழியில் அவளுக்கு வலியே இல்லை. வறுகடலை கேட்டு வாங்கித் தின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அடுத்த வாரம் மழை வந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொல்லியிருந்தாள். நான் படுத்துத் தூங்கிவிட்டேன். அவள் சொட்டச் சொட்டத் துணிகளை அள்ளி வந்து என் முன்னால் நின்றாள். என்னை ஏச வாயெடுத்து, இதயம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் செங்காட்டுப் பேருந்து எங்கள் தெருமுனையில் நின்றது. நடத்துநர் விசிலடித்து என்னைக் கூப்பிட்டார். முன் இருக்கையில் ராக்கம்மாவின் கோபம் உட்கார்ந்திருந்தது. கையைப் பிடித்து இறக்கினேன். வெயில் ஏறியிருந்ததால், வீடு வரும்வரை குடையை அதன் பக்கமாகவே பிடித்துக்கொண்டு நடந்தேன்.