உள் ரூமில் ஒரு நர்ஸ்

அத்தை ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பொய் சொல்லிச் சம்பாதிக்கிறவள். "டாக்டர் உள்ள ஒரு பேஷன்ட்டோட இருக்காரு, இதோ முடிஞ்சுடும்" என்பாள். டாக்டர் அப்போதுதான் வீட்டில் சவரம் செய்துகொண்டிருப்பார். "கொஞ்சம்கூட வலிக்காதுங்க" என்பாள். உள்ளே ஒருத்தர் அலறுவது தெரு வரைக்கும் கேட்கும். இதையெல்லாம் அவள் பொய் என்று நினைத்ததே இல்லை, வேலை என்றுதான் நினைத்திருந்தாள். அதனால்தானோ என்னவோ, அண்ணன் போனில், "வாண்டுக்கு உங்க ஊர் யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருச்சு" என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் அவள் வாய் தானாகவே, "ஐயோ அண்ணா, உள் ரூமை ஒரு நர்ஸ் பொண்ணுக்கு வாடகைக்கு விட்டுட்டேனே!" என்று சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நர்ஸாவது வாடகையாவது! அந்த ரூமில் ஈ, காக்கா கிடையாது.

அண்ணன் ஒரு வார்த்தை குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை. "அதனால என்னம்மா, குடி வந்த பொண்ணைக் கிளப்பவா முடியும்? நீ பக்கத்துல நல்ல இடமாப் பாத்துக் குடு, அது போதும்" என்றார். கல்யாணமான புதிதில் தங்க வீடில்லாமல் புருஷனோடும் கைக்குழந்தையோடும் அவள் போய் நின்றபோது, இருந்த ஒரே ரூமைக் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் ஹாலில் படுத்த அண்ணன் அவர். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அப்படிப்பட்டவர்களின் பெண்ணுக்கு ஏன் ரூம் இல்லை என்றாள்? பெரிய காரணம் இருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அந்த ரூமில் முதலில் மாமியார் படுத்த படுக்கையாக ஆறு வருஷம் கிடந்தார். அவர் போனதும் கொழுந்தன் வேலை தேடுகிறேன் என்று வந்து, வேலை கிடைத்த பிறகும் போகாமல் இருந்தான். அப்புறம் மகன், அவன் டிரம்ஸ், அவன் நண்பர்கள். மகன் வேலைக்கு என்று வெளியூர் போய்ச் சில மாசம்தான் ஆகிறது. அவள் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சும்மா உட்கார ஆரம்பித்திருந்தாள். அவ்வளவுதான். சும்மா உட்கார ஒரு ரூம் வேண்டும் என்பதை அவள் குடும்பத்தில் யாரிடமும் காரணம் என்று சொல்ல முடியாது. சொன்னால், "உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே, செய்த பாவத்துக்குக் கால் தேய அலைந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரின் போனிலேயே வீட்டுக்காரர்களுக்குப் பேசினாள். ஒரு வீட்டில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்றில் நாலு பையன்கள். இன்னொன்றில் வீட்டுக்காரி, "பொண்ணு அதிகமாச் சாப்பிடுவாளா?" என்று கேட்டாள். "வாடகைக்கு வர்றாம்மா, வளர்க்கவா கேட்டேன்?" என்று அத்தை போனை வைத்தாள். கடைசியாக யுனிவர்சிட்டிக்குப் பக்கத்திலேயே, இரண்டு பெண்கள் பகிர்ந்திருக்கும் ஒரு மாடி வீட்டில் மூன்றாவது அறை காலியாகிறது என்று தெரிந்தது. வாண்டு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

வாண்டு என்பது சின்ன வயசில் வைத்த பெயர். இப்போது அத்தையைவிட ஒரு தலை உயரம்.

அந்த வீட்டில் ஒருத்தி சட்டம் படிக்கிறவள், இன்னொருத்தி கட்டடக்கலை. கட்டடக்கலைக்காரி உட்காரக் கொடுத்த நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்திருந்தது. அத்தை குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். பிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டாம். வாண்டுக்குக் காய்கறி போடும் கீழ் டிராயர்.

"யார் சமைச்சாலும் பாத்திரம் அவங்கவங்க கழுவிடணும், ஆன்ட்டி" என்றாள் சட்டக்காரி.

"இவ கழுவுவா, உங்களுதையும் சேத்துக் கழுவுவா!" என்றாள் அத்தை.

"அத்தே!" என்று வாண்டு பல்லைக் கடித்தாள்.

சட்டம் படிக்கிறவள் சும்மா இருப்பாளா? "ஒண்ணு கேக்கலாமா? உங்க சொந்த அத்தை இதே ஊர்ல இருக்காங்க, அப்புறம் ஏன் வெளிய தங்கறீங்க? நாலு நாள்ல அங்க போயிட மாட்டீங்களே? போன தடவை அப்படி ஒருத்தி எங்களை நடுத்தெருவுல விட்டுட்டா."

அத்தை மறுபடியும் குழாயைத் திறந்து பார்த்தாள். வாண்டுதான் பதில் சொன்னாள். "இல்லைங்க. அத்தை வீட்டுல ஒரு நர்ஸ் அக்கா இருக்காங்க. யாரும் இல்லாதவங்க, பாவம். எங்க அத்தைக்கு ரொம்ப இளகின மனசு, அவங்களைப் போகச் சொல்ல முடியலை. எங்க அப்பாகூடச் சொன்னாரு, அத்தை இருக்கிற ஊர்ல ஒருத்தரும் தெருவுல நிக்க மாட்டாங்கன்னு."

யாரும் இல்லாதவள் என்பது அண்ணன் சேர்த்தது. அத்தைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

பெண்களுக்கு வாண்டைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். காலி செய்கிறவளின் அப்பா வண்டியோடு நாளைக்குத்தான் வருகிறாராம். அறை முழுக்க அவள் மூட்டைகள்.

"ஒரு ராத்திரிதானே? நான் எங்கேயாவது லாட்ஜ்ல தங்கிக்கறேன், அத்தை. அந்த அக்காவுக்குத் தொந்தரவு வேணாம்" என்றாள் வாண்டு.

லாட்ஜா! அண்ணன் மகளை லாட்ஜில் விட்டால் அதற்கப்புறம் அத்தை கண்ணாடியில் முகம் பார்க்க முடியுமா? "வாயை மூடு. நம்ம வீட்டு ஹால்ல படுத்துக்கலாம்" என்றாள். தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கும் சாக்கில் ஒதுங்கிப்போய், பஸ் ஓட்டிவிட்டு வந்து வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்த கணவருக்குப் போன் செய்தாள்.

"உள் ரூமைப் பூட்டி சாவியை எடுத்து வைங்க. வாசல்ல ஒரு லேடீஸ் செருப்பு போடுங்க."

"யாரோட செருப்பு?"

"என்னோட பழசு ஒண்ணு இருக்குல்ல, அது."

"நர்ஸுக்கும் உன் சைஸ்தானா?" என்றார் மனுஷன். "அப்படியே வாடகையையும் கேட்டுடறேன், மூணு மாசமாப் பாக்கி."

"விளையாடற நேரமா இது? மானம் போகுதுங்க!"

வீட்டுக்குள் நுழைந்ததும் வாண்டு செருப்பைப் பார்த்தாள். உடனே பெட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டாள். "அக்கா தூங்கறாங்களா?" என்று கிசுகிசுத்தாள். "இன்னைக்கு அவளுக்கு லீவு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா" என்றாள் அத்தை. மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செய்தியைப் பார்த்தார். சாப்பிடும்போது வாண்டு ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் தனியாக எடுத்து மூடி வைத்தாள். "ராத்திரி எழுந்தா பசிக்குமே அவங்களுக்கு." தட்டின் மேல் தட்டு கவிழ்க்கும்போது சத்தம் வராமல் விரலைக் கொடுத்துக் கவிழ்த்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே மாமா பஸ் எடுக்கப் போய்விட்டார். அத்தை எழுந்து வந்தபோது வாண்டு கையில் டீயோடு உள் ரூம் கதவு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அத்தை, அந்த அக்கா நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு தடவைகூட வெளிய வரலை. பாத்ரூமுக்குக்கூட!"

இத்தனை வருஷ அனுபவம் கதவைப் பூட்டியது, செருப்பு வைத்தது, லீவுகூடக் கொடுத்தது. மனுஷி என்றால் பாத்ரூம் போவாள் என்று மட்டும் அதற்குத் தோன்றவில்லை பாருங்கள்!

"நீ தூங்கறப்ப போயிருப்பாடி."

"புது இடம், எனக்குப் பொட்டுத் தூக்கம் வரலை. தட்டு மேல மூடினது மூடினபடி இருக்கு. இப்ப மூணு தடவை கதவைத் தட்டிட்டேன், கூப்பிட்டும் பாத்தேன். ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பயமா இருக்கு, அத்தை."

"நர்ஸுங்க அப்படித்தான், இடி விழுந்தாலும்..."

"யாரும் இல்லாதவங்க வேற! உள்ள மயங்கிக் கிடந்தா யாருக்குத் தெரியும்? நான் பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிடறேன், கதவை உடைச்சாவது..." டீயைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஓடியேவிட்டாள், கை தாழ்ப்பாளில்.

"நில்லு!" என்று அத்தை கத்தினாள்.

கைப்பையில் இருந்த சாவியை எடுத்தாள். கதவின் சாவித்துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள். கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. யாரும் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. ஜன்னலோரம் நாற்காலி. அதன் முதுகில் அத்தை குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் பச்சை சால்வை. நேற்று அந்த வீட்டில்கூட, "என் பச்சை சால்வையை எடுத்து வர மறந்துட்டேன்" என்று வாண்டிடம் சொல்லியிருந்தாள். கால் வைத்துக்கொள்ள ஒரு முக்காலி. அதன்மேல் பாதி படித்துக் கவிழ்த்த வாரப்பத்திரிகை.

வாண்டு நாற்காலியைப் பார்த்தாள். சால்வையைப் பார்த்தாள். அத்தையை மட்டும் பார்க்கவில்லை.

நோயாளிகளிடம் நொடிக்கு நொடி அளந்துவிடும் வாய் அன்றைக்கு அசையவே இல்லை. ஊருக்குப் போயிருக்கிறாள், காலி செய்துவிட்டாள், ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டாள் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். அத்தை திருடி மாதிரி தன் வீட்டிலேயே நின்றாள். அந்தப் பெண் திட்டட்டும், அழட்டும், "ஏன் அத்தை இப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

வாண்டு வாசலுக்குப் போய், குனிந்து செருப்பை எடுத்தாள். ஜோடி சேர்த்து ரூமுக்குள், கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

"அக்கா எங்கேயோ அவசரமாப் போயிருக்காங்க போல, அத்தை" என்றாள். "நான்தான் அசந்துட்டேன் போலிருக்கு." தரையிலிருந்த டீயை எடுத்து நீட்டினாள். "நீங்க குடிங்க. ஆறிடும்."

அத்தை குடித்தாள். பதினெட்டு வயசுப் பெண் தன் மானத்தைக் கையில் ஏந்திக் கொடுக்கிறாள், அதை வாங்கிக் குடிக்கிறோமே என்று கூனிக்குறுகிக் குடித்தாள்.

பஸ்ஸில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே சீட்டில் போனார்கள். பாதி வழியில் அத்தை தொண்டையைக் கனைத்தாள். "வாண்டு, அந்த வீடு வேணாம்டி. நம்ம வீட்டுக்கே வந்துடு. அந்த ரூம் உனக்குத்தான். இப்பவே இறங்கித் திரும்பிடலாம்."

வாண்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், அத்தை. அந்த அக்காவுக்கு எத்தனை வருஷம் கழிச்சு ஒரு ரூம் கிடைச்சிருக்கோ. இருக்கட்டும், பாவம்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிர் சீட்டுக்காரர் தூசி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

மாடி வீட்டில் அத்தை பிரிட்ஜின் கீழ் டிராயரைக் கழற்றித் தேய்த்துக் கழுவினாள். நாற்காலிக் காலுக்குப் புது அட்டை மடித்து வைத்தாள். அறையை ஒரு தடவை பெருக்கி, இன்னொரு தடவை பெருக்கினாள். "ஆன்ட்டி, நாங்க பாத்துக்கறோம்" என்று கட்டடக்கலைக்காரி மூன்றாவது தடவை சொன்ன பிறகு, செய்ய ஒன்றும் இல்லாமல் கிளம்பினாள். வாண்டு கீழே வரை வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் போன் வந்தது. அண்ணன் கேட்டிருப்பார், வாண்டு எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், தொலைந்தோம் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"என்னம்மா, உன் நர்ஸ் பொண்ணு தங்கமான பொண்ணாமே!" என்றார் அண்ணன். "வாண்டு சொல்லிச் சொல்லி மாயறா. காலையில இவளுக்கு டீ போட்டுக் குடுத்துச்சாம். ரெண்டு பேரும் உக்காந்து ரொம்ப நேரம் பேசினாங்களாம். என்ன உதவின்னாலும் கேளுன்னு சொல்லிச்சாம். எங்களுக்கு இப்பத்தான் நிம்மதி. இந்தா, உங்க அண்ணி பேசணுங்கறா."

அண்ணி வாங்கினாள். "நீ செஞ்சது நல்ல காரியம். நம்ம பொண்ணுக்கு நாலு பேர் இருக்கோம். அந்தப் பொண்ணுக்கு யார் இருக்கா? மனசு சங்கடப்படாதே, என்ன?"

"சரி அண்ணி" என்றாள் அத்தை.

கணவர் வேலை முடிந்து வந்தபோது அவள் விளக்குப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அவர் விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றி மாட்டி, டிவியைப் போட்டு, தண்ணீர் குடித்தார்.

"ஏன் இங்க உக்காந்திருக்கே? உன் ரூமுக்குப் போய் நிம்மதியா உக்காரேன். அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"முடியாதுங்க" என்றாள். "உள்ள ஆள் இருக்கு."

சிரிக்க வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.