சரியாக இருந்த ரிப்போர்ட்

சிறுநீரக டாக்டருக்குக் காலையிலிருந்து உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. பாக்கி இருந்தது நோயாளியான தையல்காரரும் அவர் மகளும்தான். மனிதருக்குச் சிறுநீரகம் இரண்டும் பேருக்குத்தான் இருந்தன. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், இன்னொரு மல்லுக்கட்டு என்று நினைத்தபடியே ரிப்போர்ட்டைப் பிரித்தார். அமிலம் சரியாக இருந்தது.

அப்பாடா, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பேனாவைத் திறந்தும்விட்டார். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. கழிவைத் தள்ள முடியாத உடம்பில் அமிலம் எப்படிச் சரியாக இருக்கும்? தினமும் சண்டை போடுகிற வீட்டில் சத்தமே இல்லையென்றால் அக்கம்பக்கத்துக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். இன்னும் கீழே பார்த்தார். ரத்தத்தில் உப்போடு இருக்கிற குளோரைடு தரைமட்டத்தில் கிடந்தது. வயிற்று அமிலம் வாந்தியாக வெளியே போனால் அப்படிக் குறையும். சிறுநீரகத்தால் அமிலம் ஒரு பக்கம் ஏற, வாந்தியால் ஒரு பக்கம் இறங்க, நடுவில் கணக்கு மட்டும் ஒழுங்காக நின்றது.

"ஐயா, வாந்தி இருக்கா?"

"சேச்சே! கல்லைத் தின்னாலும் செரிக்குது டாக்டரம்மா." ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். "பாப்பாவுக்கு இன்னைக்கு மட்டும்தான் லீவு. சீட்டு எழுதிக் குடுங்க, கிளம்புறோம்."

தையல்காரருக்கு உதடு வெடித்து, நாக்கு காய்ந்திருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்தது. கோபப்படத்தான் தெம்பில்லை.

"ரெண்டு கோளாறு ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு இருக்குங்கய்யா. வாந்தியை மட்டும் நிறுத்தினா அமிலம் எகிறிடும். இப்படியே விட்டா இதயம் தாங்காது. இன்னைக்கே சேர்ந்து டயாலிசிஸ் பண்ணணும். உண்மையைச் சொல்லுங்க."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "போன வாரத்துலேர்ந்து இருக்கு. குழாயைத் திறந்துவிட்டுட்டு எடுப்பேன், சத்தம் கேக்காம. சொன்னா இவ லீவு போடுவா. ஏற்கெனவே லீவு கேட்டு அந்த மேனேஜர் வாயில விழுந்து எழுந்திருக்கிறா. வேலை போயிடும்மா."

மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிடுச்சுப்பா. போன மாசமே."

"தினமும் கிளம்பிப் போனியே?"

"பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருப்பேன். சொன்னா நீ வைத்தியமே வேண்டாம்பே."

டாக்டர் அட்மிஷன் சீட்டை எழுதத் தொடங்கினார்.

தையல்காரருக்கும் வாந்தியை அடக்கி அடக்கி அலுத்துப்போயிருந்தது. இனி யாருக்காக அடக்குவது?

"பாப்பா, அந்த பேசினை எடு," என்றார்.

மகள் ஓடிப்போய் எடுத்துவந்து, ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.