படமென்று சொல்லி நுழைந்த கோப்பு

2003 வைகாசி, கருட சேவையன்று காலை. எஸ்தர் கணினியைத் திறந்தால், அவளும் ஸ்ரீவல்லியும் சேர்ந்து நடத்திவந்த ‘கச்சிக் களம்’ இணைய மன்றத்தின் முகப்பைக் காணோம். கறுப்புத் திரையில் எவனோ ஒருவனின் பட்டப்பெயர் சிவப்பெழுத்தில் பல்லிளித்தது.

எஸ்தர் வேலை பார்த்த காஞ்சிபுரம் காந்தி ரோடு பிரௌசிங் சென்டரில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். ஊரே பெருமாள் பின்னால் போயிருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்துதான் கேமராவோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள் ஸ்ரீவல்லி.

“கருட சேவையைக் கோபுர வாசல்லயே படம் புடிச்சுட்டேன்டி! நம்ம மன்றத்துச் சிங்கப்பூர் மாமா காத்துண்டிருக்கார். உடனே ஏத்திடலாம்.”

“எங்க ஏத்துறது? வூட்டையே எவனோ புடிச்சிக்கினான், பாரு.”

ஸ்ரீவல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “பாஸ்வேர்டு நமக்கு மட்டும்தானே தெரியும்?”

எஸ்தரைக் குடைந்ததும் அதுதான். சர்வருக்குள் போய், உறுப்பினர்கள் தங்கள் படங்களை ஏற்றும் ஃபோல்டரைத் துழாவினாள். முகங்கள், புடவைகள், கோபுரங்கள். நடுவில் ஒரு கோப்பு மட்டும் ‘.php’ என்று முடிந்தது. திறந்தாள். படமே இல்லை, சர்வரை ஆட்டிவைக்கும் நிரல்.

“வல்லி! பூட்டை ஒடைக்கவே இல்லடி. நாம தொறந்து வெச்ச வாசல்லயே வந்துருக்கான்!”

இலவசமாக இறக்கிய மன்ற மென்பொருள் அது. படம் ஏற்றும் பகுதியை வரிவரியாகப் படித்தாள். வருவது படம்தானா என்று அது பார்க்கவே இல்லை. அனுப்புகிறவன் ‘படம்’ என்று சொன்னால் போதும், உள்ளே விட்டுவிடும்.

“நெஜமான்னு பாத்துடலாம்.”

‘வணக்கம்’ என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரி நிரலை எழுதி, படமென்று பொய் சொல்லி ஏற்றினாள். அதன் முகவரியைத் தட்டினாள். திரையில் ‘வணக்கம்’!

“சிக்கிச்சுடி!” எஸ்தர் போட்ட கூச்சலில், ஓரத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

பிறகு அவள் விரல்கள் நிற்கவில்லை. அந்த ஃபோல்டரில் எந்த நிரலும் ஓடாதபடி தடுத்தாள். கோப்பின் உள்ளே பார்த்து, உண்மையான படத்தை மட்டும் ஏற்று, மன்றமே அதற்குப் புதுப்பெயர் வைக்கும்படி திருத்தினாள். மறுபடி பொய் சொல்லிப் பார்த்தாள், மன்றம் மறுத்தது. கள்ளக் கோப்பை அழித்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, பழைய பிரதியிலிருந்து முகப்பை மீட்டாள். மத்தியானத்துக்குள் கருடன் மேல் பெருமாள் மன்றத்தில் எழுந்தருளிவிட்டார்.

“இதே சாஃப்ட்வேரை இன்னும் எத்தனை பேர் வெச்சிண்டிருக்காளோ! மன்றத்துல எழுதிப் போடேன்,” என்றாள் ஸ்ரீவல்லி.

“அய்யோ, திருடனுக்கு வழி காட்டுனா மாதிரி ஆயிடும். மொதல்ல அந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவங்களுக்குச் சொல்லுவோம்.”

அந்த வாரமே பதில் வந்தது. ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தார்கள். நன்றி சொன்ன வரியில் எஸ்தர் ராஜவேலு, காஞ்சிபுரம் என்று இருந்தது. ஸ்ரீவல்லி அதைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்தாள்.

“இன்னும் எங்கயாவது ஓட்டை இருக்குமோடி?”

எஸ்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தேடிக்கினுதான் இருக்கேன். சேரை இழுத்துப் போட்டுக்கினு உக்காரு.”